மூன்று சக்கரத் தள்ளுவண்டி யாருக்கு?

பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் மற்றொருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர் என்று மூவரும் பிரிந்து நிற்கும் சந்தைகள் சில உண்டு. மருந்து அவற்றுள் ஒன்று, பாடநூல் மற்றொன்று. குழந்தைக்கான தள்ளுவண்டியையும் அந்த வரிசையில் வைக்கலாம். அதில் அமரப்போகும் நுகர்வோருக்கு வயது சில மாதங்கள்தான். இருக்கை சரியாகச் சாயவில்லை என்றோ, வெயில் முகத்தில் அடிக்கிறது என்றோ, வார் தோளை அறுக்கிறது என்றோ அது சொல்லாது, அழும். அந்த அழுகைக்குக் காரணம் பசியா, வண்டியா என்பதைத் தாய் ஊகித்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் பல ஆண்டுகள் நுகர்வோர் தேர்வுக் கோட்பாட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். அந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடினமான ஒரு பொருளை எண்ணிப் பார்க்க இயலவில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கும் எங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆனபோது நானும் என் மனைவியும் அங்குச் சென்றோம். தாய்வீட்டுச் சீராகத் தொட்டிலும் அரைஞாணும் வாங்கித் தருவது நம் வழக்கம். அந்த ஊரில் தொட்டிலின் இடத்தைத் தள்ளுவண்டி பிடித்துக்கொள்கிறது. பேறுகால விடுப்பு 52 வாரங்கள் வரை உண்டு. கணவர் காலையில் பணிக்குச் சென்றுவிட்டால், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில், தாய்க்கு வெளியுலகத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு குழந்தையோடு நடக்கும் ஒரு மணி நேர நடைதான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் அந்த நடை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைப் பேறுகால மனச்சோர்வைப் பற்றி அறிந்தவர்கள் சொல்லத் தேவையில்லை. ஆகவே, வண்டி வாங்குவது எங்களுக்கு அலங்காரச் செலவாகத் தோன்றவில்லை.

மகளின் விருப்பம் மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒரு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு, மூன்றிலும் மிதிவண்டியைப் போலக் காற்றடைத்த டயர். பார்ப்பதற்கு உறுதியாகவும் சற்று மிடுக்காகவும் இருக்கும். இன்று வெளிநாடுகளில் பிள்ளைகள் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைக்கு வண்டி வாங்கும் வேளையில் பெரியவர்களாகிய நாம் விலைச்சீட்டைப் பார்த்து வாயடைத்து நிற்கிறோம், அல்லது மகன் சொன்னதற்குத் தலையாட்டுகிறோம். பிரிட்டனில் 100 பவுண்டுக்குக் குறைவாகவும் வண்டி கிடைக்கிறது. 1,000 பவுண்டுக்கு மேலும் கிடைக்கிறது. இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டில் எவ்வளவு பயன், எவ்வளவு பகட்டு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பகட்டு இந்தப் பொருளோடு பிறந்தது. 1733ஆம் ஆண்டு வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் செய்த சிப்பி வடிவ வண்டியை முதல் குழந்தை வண்டி என்பார்கள். அதைத் தள்ளுவதற்கு ஆளில்லை. சிறு விலங்கு ஒன்றைப் பூட்டி இழுக்க வைத்தார்கள். நம் பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் தாமே உருட்டி விளையாடிய சிறு தேரைப் பேசுகிறது. அந்தத் தேருக்கும் மூன்று சக்கரம்தான். நம் வீடுகளில் நேற்றுவரை இருந்த மர நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம். மூன்று என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்றைய தள்ளுவண்டிகளில் இரண்டு மரபுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஓவன் மக்லாரன் என்ற வானூர்திப் பொறியாளருடையது. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர் அவர். பேரக்குழந்தையின் கனமான வண்டியோடு தம் மகள் படும் பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களால் குடைபோல மடியும் ஒரு வண்டியை வடிவமைத்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மற்றொரு மரபு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில் தொடங்கியது. ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளர் 1984இல் தம் கைக்குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு ஓட்டப் பயிற்சி செய்ய விரும்பி, ஒரு தள்ளுவண்டிச் சட்டத்தில் மிதிவண்டிச் சக்கரங்களைப் பொருத்தினார். முதல் மரபு பேருந்துக்காகவும் விமானத்துக்காகவும் பிறந்தது. இரண்டாவது திறந்த பாதைக்காகப் பிறந்தது. கடையில் இரண்டும் அருகருகே நிற்பதால் ஒன்றை மற்றொன்றின் உயர்ந்த வடிவம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மூன்று சக்கர வண்டி பற்றிய குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று சக்கரத்தின் சிறப்பு என்ன? கிராமத்துச் சமையலறையில் இதற்கு விடை உண்டு. அடுப்புக்கு மூன்று கல் போதும். தரை எப்படியிருந்தாலும் பானை ஆடாது. முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பது வடிவகணித உண்மை. கரடுமுரடான பாதையில் நான்கு சக்கர வண்டியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். வண்டி திருகிக்கொண்டு ஆடும். மூன்று சக்கர வண்டியின் மூன்றும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

சக்கரத்தின் அளவு அதனினும் முக்கியமானது. மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல் விளிம்பை எடுத்துக்கொள்வோம். மலிவான வண்டியின் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அதன்மேல் ஏற வேண்டுமானால், அந்தச் சக்கரத்தின் மீது விழும் எடையைப் போல ஏறத்தாழ 1.33 மடங்கு விசையால் கிடையாகத் தள்ள வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு முக்கால் பங்கு போதும். இது பள்ளி இயற்பியல் கணக்கு. யாரும் போட்டுப் பார்க்கலாம். சிறிய சக்கரம் சிறிய தடையிலும் முட்டி நின்றுவிட, தள்ளுபவர் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே போக நேர்வதன் காரணம் இதுதான். மூன்று சக்கர வண்டியில் பெரும்பாலும் பெரிய சக்கரமே இருக்கும். தூக்க நேர்ந்தாலும் ஒரு சக்கரத்தைத் தூக்கினால் போதும். முழங்கால் வலியும் மணிக்கட்டு வலியும் உள்ள பாட்டிமார்களுக்கு இது சிறிய செய்தியன்று.

ஆயினும், மூன்றுக்கு ஒரு விலை உண்டு. நான்கு சக்கரங்கள் தரையில் வரையும் வடிவம் செவ்வகம். மூன்று சக்கரங்கள் வரைவது முக்கோணம். குழந்தையின் எடை அந்த வடிவத்துக்குள் விழும்வரை வண்டி கவிழாது. முக்கோணம் முன்னே செல்லச் செல்ல ஒடுங்குவதால், சரிவில் வேகமாக இறங்கித் திரும்பும்போது வண்டி முன்பக்கவாட்டில் சாய வாய்ப்பு மிகுதி. இதை ஈடுசெய்யவே தயாரிப்பாளர்கள் பின் அச்சை அகலமாக்குகிறார்கள். அதனால்தான் மூன்று சக்கர வண்டிகளின் அகலம் 60 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. எடையும் பத்துக் கிலோவுக்கு மேல் போகிறது. குடைபோல மடியும் வண்டி இதில் பாதியளவுதான் இருக்கும். கடைக்குப் போய்வரும்போது பால், காய்கறிப் பைகளைக் கைப்பிடியில் மாட்டும் பழக்கம் எல்லா வண்டிக்கும் ஆகாது. குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்புறமாகக் கவிழும். சுமை இருக்கைக்குக் கீழுள்ள கூடையில், தரைக்கு அருகில் இருக்க வேண்டும்.

முன்சக்கரம் பற்றி விற்பனையாளர்கள் போதிய அளவு பேசுவதில்லை. மூன்று வகை உண்டு: நிலையாகப் பொருத்தப்பட்டது, எத்திசையும் சுழல்வது, சுழலவும் பூட்டவும் வசதியுள்ளது. கடைவீதியில் சுழலும் சக்கரம் இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியைத் தூக்கித் திருப்ப வேண்டும். ஓடும்போதோ சுழலும் சக்கரம் படபடவென்று அதிர்ந்து, ஒரு சிறு கல்லில் திடீரெனத் திரும்பிக் குழந்தையோடு வண்டியைக் கவிழ்த்துவிடும். மூன்றாம் வகையே தேர்வுக்குரியது. அதிலும் பூட்டு உண்மையில் விழுகிறதா என்பதைக் கடையிலேயே சக்கரத்தை உதைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பிரிட்டாக்ஸ் நிறுவனம் விற்ற 'பாப்' வகை மூன்று சக்கர வண்டிகளில் முன்சக்கரத்தை விரைவாகக் கழற்றி மாட்டும் நெம்புகோல் இருந்தது. வண்டியைக் காரில் ஏற்ற மிக வசதியான அமைப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் கழன்று வண்டி குப்புற விழுந்ததாக ஏறத்தாழ 200 புகார்கள் வந்தன; குழந்தைகளும் பெரியவர்களுமாக ஏறத்தாழ 100 பேர் காயமடைந்தனர். அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் வழக்குத் தொடர்ந்தது. வண்டியில் குறையில்லை, நெம்புகோலைச் சரியாக இறுக்காததே காரணம் என்பது நிறுவனத்தின் வாதம். அதே ஆண்டு நவம்பரில் சமரசம் ஏற்பட்டு, மாற்று உதிரிபாகங்களும் விளக்கக் காணொளியும் வழங்குவதாக முடிந்தது. இரவு முழுவதும் தூங்காத ஒரு தாய் நாள்தோறும் சரியாக இறுக்கினால்தான் பாதுகாப்பு என்றால், அந்த வடிவமைப்பு யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. நெம்புகோல் உள்ள வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். திருகாணியால் இறுக்கும் அமைப்பே மேல்.

நான்கு சக்கர வண்டிகள் அப்பழுக்கற்றவை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனமே அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் அறிவித்தது. மடக்கும் கீலில் விரல் சிக்கி 12 குழந்தைகளின் விரல்நுனிகள் துண்டாகியிருந்தன. எந்த வண்டியானாலும், மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை கையெட்டும் தொலைவில் இருக்கக் கூடாது.

பொருளியலில் பிலிப் நெல்சன் 1970இல் ஒரு பயனுள்ள பாகுபாட்டைச் செய்தார். வாங்கும் முன்பே பார்த்து அறியத்தக்க பண்புகள் ஒருவகை. பயன்படுத்திய பின்னரே தெரியவரும் பண்புகள் மறுவகை. டார்பி, கார்னி இருவரும் 1973இல் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தனர்: பயன்படுத்திய பிறகும் நுகர்வோரால் அறிய இயலாத, நம்பி மட்டுமே வாங்கக்கூடிய பண்புகள். தள்ளுவண்டியில் மூன்றும் உண்டு. அகலமும் எடையும் அளவுநாடாவுக்கும் தராசுக்கும் அடங்கும். ஒரு கையால் மடக்க முடியுமா என்பது, மறுகையில் குழந்தையை வைத்துக்கொண்டு மழையில் நிற்கும்போதுதான் தெரியும். பற்றவைப்பின் உறுதியும் தடையின் ஆயுளும் நம்பிக்கையைச் சேர்ந்தவை.

மூன்றாம் வகைக்காகத்தான் தரக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இஎன் 1888, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்833, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏஎஸ்/என்இசட்எஸ் 2088 ஆகிய எண்களை வண்டியில் தேட வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் முதல் பகுதி 15 கிலோ வரையுள்ள குழந்தைக்கும், இரண்டாம் பகுதி 15 முதல் 22 கிலோ வரையுள்ள குழந்தைக்கும் உரியது. பிறந்தது முதல் பயன்படுத்தலாம் என்று சொல்லும் இருக்கை குறைந்தது 150 பாகை சாய வேண்டும். இந்த எண்ணில்லாத வண்டியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடக் கூடாது என்பது என் கருத்து. ஆஸ்திரேலிய விதியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: தள்ளுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிறு. 2009 அக்டோபரில் மெல்போர்ன் நகரின் ரயில்நிலையம் ஒன்றில், தாயின் கை சற்றே விலகிய நொடியில் தள்ளுவண்டி உருண்டு தண்டவாளத்தில் விழுந்து, வந்த ரயிலில் மோதியது. குழந்தை தலையில் சிறு வீக்கத்தோடு பிழைத்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சக்கரம் பெரிதாகவும் உராய்வு குறைவாகவும் இருக்கும் வண்டி சிறு சரிவிலும் தானே உருளும். ஆகவே, மூன்று சக்கர வண்டி வாங்குவோர் அந்தக் கயிறு இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

ஓட்டப் பயிற்சி பற்றி ஒரு சொல். மூன்று சக்கரம் இருப்பதாலேயே ஒரு வண்டி ஓடுவதற்கு உரியதாகிவிடாது. கையேட்டில் தயாரிப்பாளர் அவ்வாறு குறிப்பிட்டிருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதமாவது நிறைந்து, கழுத்தும் முதுகும் நன்கு நின்ற பிறகு, மருத்துவரைக் கேட்டே ஓடத் தொடங்க வேண்டும். தலை நிற்காத குழந்தையை அதிர அதிரத் தள்ளுவது தவறு. ஓடாவிட்டாலும், தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கிடையிலும் சேரும் ஐந்து முனை வாரை எப்போதும் பூட்ட வேண்டும்.

பெரும்பாலான மூன்று சக்கர வண்டிகளில் குழந்தை முன்னோக்கியே அமர்ந்திருக்கும். தள்ளுபவர் முகம் அதற்குத் தெரியாது. இதை ஒரு சிறு குறையாகத்தான் கடைக்காரர் சொல்வார். ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சூசன் ஸீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. முகம் பார்த்து அமரும் வண்டியில், தாய்மார்கள் குழந்தையோடு இருமடங்கு பேசினார்கள். பேச்சைக் கேட்டுத்தான் குழந்தை மொழியைப் பெறுகிறது. வெளிநாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. பகலெல்லாம் அதன் காதில் விழும் தமிழ் தாயின் வாய்ச்சொல் ஒன்றுதான். மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்பா, நான் நின்று நின்று பேசிக்கொண்டே போகிறேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். பாலத்தடியில் ஒரு முறை, வாத்துகளைக் கண்டு ஒரு முறை என்று வண்டியைச் சுற்றி முன்னால் வந்து குனிந்து பேசுவாள். நடையின் வேகம் குறைந்தது. அதனால் யாருக்கும் இழப்பில்லை.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தள்ளுவண்டியில் அமரும் குழந்தையின் மூச்சு மட்டம், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே, வாகனப் புகைக்குழாய்க்கு அருகில் இருக்கிறது. இதனால் பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை மிகுதியான மாசைக் குழந்தைகள் சுவாசிக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எச்சரித்தனர். இருக்கை எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. ஓட்டத்துக்கென்று அமைந்த மூன்று சக்கர வண்டிகளில் இருக்கை தாழ்ந்திருக்கும். கவிழாமல் இருக்க அப்படித்தான் இருக்க முடியும். எனவே, அந்த வண்டி பூங்காவுக்கும் கால்வாய்க் கரைக்கும் உரியது. வாகன நெரிசல் மிக்க சாலைக்கு உரியதன்று. வெயிலுக்கு அஞ்சி வண்டியின்மேல் துணியைப் போர்த்துவதும் கூடாது. காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும்.

இனி, வீடும் பேருந்தும். லீட்ஸ் நகரம் செங்கல் வரிசை வீடுகளுக்குப் பெயர்பெற்றது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளை 1937 வரை கட்டிய நகரம் அது. மகளின் வீட்டு நடையின் அகலம் 85 சென்டிமீட்டர். 62 சென்டிமீட்டர் வண்டி அதில் நின்றால், மீதி 23 சென்டிமீட்டரில் மனிதர் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். மடக்கி வைத்தாலும், பெரிய சக்கரங்களைக் கழற்றினால் ஒழிய அது பெரிதாகச் சுருங்காது. வாங்குமுன் மூன்று இடங்களை அளக்க வேண்டும்: வாசல், வண்டி நிற்கும் இடம், காரின் பின்பெட்டி. நாங்கள் அளந்தோம். காரின் பின்பெட்டியில் வண்டி ஏறியது. ஆனால் வேறெதுவும் ஏறவில்லை.

பேருந்தில் இருப்பதோ ஒரே ஓர் இடம். அது முதலில் சக்கர நாற்காலிக்கு உரியது. காலியாக இருந்தால் தள்ளுவண்டிக்கு. டக் பாலி என்ற சக்கர நாற்காலிப் பயணி 2012இல் வெதர்பியிலிருந்து இதே லீட்ஸுக்கு வரப் பேருந்துக்குக் காத்திருந்தார். அந்த இடத்தில் உறங்கும் குழந்தையோடு ஒரு தள்ளுவண்டி நின்றது. அதை மடக்க முடியாது என்று தாய் சொல்லிவிட, பாலியால் ஏற முடியவில்லை. வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2017 ஜனவரியில் தீர்ப்பானது. ஓட்டுநர் ஒருமுறை வேண்டிக்கொண்டு விட்டுவிடுவது போதாது. இடத்தைக் காலிசெய்யச் செய்ய மேலும் முயல வேண்டும் என்றது நீதிமன்றம். மடியாத வண்டி என்பது வாங்குபவரின் தனி விருப்பம் மட்டுமன்று, அதன் செலவில் ஒரு பகுதி முன்பின் அறியாத ஒருவர் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு என் வகுப்புகளில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. புற விளைவு என்று பாடநூல் இதைத்தான் சொல்கிறது. நாள்தோறும் பேருந்தில் செல்பவர்களுக்கு மூன்று சக்கர வண்டி வேண்டாம்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு கணக்குக்காக, மூன்று சக்கர வண்டியின் விலை 450 பவுண்டு என்றும், இரண்டாண்டு கழித்து 180 பவுண்டுக்கு விற்கலாம் என்றும் கொள்வோம். நிகரச் செலவு 270. வாரம் மூன்று முறை வீதம் 300 முறை பயன்படுத்தினால் ஒரு நடைக்கு 90 பென்ஸ். சிறிய வண்டியின் விலை 120, விற்றால் 20. நிகரச் செலவு 100. பேருந்துக்கும் கடைக்குமாக 500 முறை பயன்பட்டால் ஒரு நடைக்கு 20 பென்ஸ். 90 பென்ஸ் மிகை என்று தோன்றலாம். குளிர்காலத்தில் ஒரு தாயின் மனநலத்துக்கு அது மலிவு என்பேன். ஆனால் அதே வண்டி நடையை அடைத்துக்கொண்டு நின்று, இரண்டாண்டில் 60 முறை மட்டுமே வெளியே போனால் ஒரு நடைக்கு 4.50 பவுண்டு ஆகிறது. விலைச்சீட்டில் உள்ள எண்ணைவிடப் பயன்படுத்தும் எண்ணிக்கையே செலவைத் தீர்மானிக்கிறது. 1,000 பவுண்டு வண்டியை வாங்குவோரைப் பற்றித் தார்ஸ்டைன் வெப்லன் 1899இலேயே எழுதிவிட்டார். நான் சேர்க்க ஒன்றுமில்லை.

பழைய வண்டி வாங்கலாமா? பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை அவருக்கு 2001இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த பணிகளுள் முதன்மையானது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத நிலையில், நல்ல பொருள்கள் சந்தையை விட்டு விலகும் என்பது அதன் சாரம். தள்ளுவண்டியில் அந்த இடர் காரைவிடக் குறைவு. மக்கள் வண்டியை விற்பது அது கெட்டதால் அன்று, பிள்ளை வளர்ந்துவிட்டதால். இது வாங்குபவருக்கு நம்பிக்கை தரும் செய்தி. தடையை அழுத்திச் சரிவில் நிறுத்திப் பார்க்கலாம். சட்டத்தில் விரிசலைத் தடவிப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா, வாரின் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வண்டியின் மாதிரி எண் திரும்பப்பெறும் அறிவிப்புகளில் உள்ளதா என்பதை இணையத்தில் ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம். கார் இருக்கையைப் பழையதாக வாங்குவது வேறு. மோதலில் அடிபட்டதா என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

நாங்கள் வாங்கியதும் பழைய வண்டிதான். இரண்டு தெரு தள்ளி வசித்த குடும்பம் விற்றது. முன்சக்கரம் சுழலும், பூட்டும், திருகாணியால் இறுக்கியது, எடை பதினொரு கிலோ. காற்றடைத்த டயர் என்றால் பஞ்சர் உண்டு. அந்த ஊரில் தெருமுனையில் பஞ்சர் கடை கிடையாது. ஆகவே ஒரு கைப்பம்பும் ஒட்டுத்துண்டும் கூடையில் எப்போதும் இருந்தன. பேருந்து நாள்களுக்கு மார்போடு கட்டும் துணித் தூளி. லிவர்பூல் வரை 204 கிலோமீட்டர் நீளும் கால்வாய்க் கரையில், ஈரச் சரளையின் மேல், என் மனைவி அந்த வண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, முக்கோணமும் சக்கர விட்டமும் பற்றிய கணக்குகள் சரியாகவே இருப்பதை உணர்ந்தேன்.

இந்த வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா என்று மகள் கேட்டாள். நம் சாலைகள் கரடுமுரடானவை, மூன்று சக்கரம்தானே ஏற்றது என்பது அவள் வாதம். கோட்பாட்டளவில் அது சரி. ஆனால் வண்டி ஓடுவதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைவளாகமும் திறக்கப்பட்டது. அங்கே தள்ளுவண்டிகளை நானே கண்டிருக்கிறேன். கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதையில் நடக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் தள்ளுவண்டியில் செல்லும் குழந்தைக்கும் வேண்டுவது ஒரே சரிவுப் பாதைதான். பேருந்தில் மோதிக்கொள்ளும் இருவரும் தெருவில் ஒரே கட்சி.

சரிவுப் பாதை அமைக்கும் இடங்களிலும், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு தடங்களை மட்டும் படிக்கட்டின்மேல் பதித்துவிடுகிறார்கள். மூன்று சக்கர வண்டியின் முன்சக்கரத்துக்கு நடுவில் தடமே இருக்காது. இதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். நம் ஊரில் வண்டி வாங்குவோருக்கு என் யோசனை எளியது: அடுக்ககத்தின் உள்சாலையோ, சுற்றிவர நடைதளம் உள்ள பூங்காவோ வாசலிலேயே இருந்தால் பெரிய சக்கரங்கள் கொண்ட மூன்று சக்கர வண்டியை வாங்கலாம். வாசலைத் தாண்டினால் தார்ச்சாலைதான் என்றால், எந்த வண்டியானாலும் குழந்தை வாகனங்களுக்கு நடுவில்தான் செல்ல வேண்டியிருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல தூளியும் தரமான கார் இருக்கையும் வாங்கலாம்.

மகள் வருவதற்கு முந்தைய வாரம், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவிலிருந்து பூங்கா வரை நடந்தேன். தொலைவு ஏறத்தாழ 600 மீட்டர். நடைபாதை என்று சொல்லத்தக்கது அதில் பாதிக்கும் குறைவு. விளிம்புக்கல்லின் உயரம் ஓரிடத்தில் 270 மில்லிமீட்டர், வேறோரிடத்தில் 310. மின்மாற்றி ஒன்று, மழைநீர் வடிகாலின் பெயர்ந்த மூடி இரண்டு, நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனங்கள் பதினேழு. 62 சென்டிமீட்டர் அகலமுள்ள வண்டி தரையிறங்காமல் தொடர்ந்து செல்லக்கூடிய மிக நீண்ட பகுதி 40 மீட்டர். இந்த எண்களை மகளுக்கு அனுப்பினேன். வண்டியை லீட்ஸிலேயே நிறுத்திவிட்டு வந்தாள். பேத்தி இங்கிருந்த மூன்று வாரமும் பாட்டியின் இடுப்பில்தான் பூங்காவுக்குப் போய்வந்தாள்.